கைநாட்டுப் பெண்கள் தொடங்கிய வங்கி

உழவு இதழில் வங்கிக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது நாலு ஏக்கரில் நெல்லும் உளுந்தும் கொஞ்சம் காய்கறியும் போட்டுக்கொண்டிருக்கிறவன் நான். ஊரில் இன்னும் ‘பேங்க் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் பேரேடும் தெரியும், வயலும் கொஞ்சம் தெரியும்.

நம் கூட்டங்களில் விதை பற்றிப் பேசுகிறோம், மண் பற்றிப் பேசுகிறோம், விலை கிடைக்கவில்லை என்று நிறையப் பேசுகிறோம். களைக்கொல்லி அடிக்காத வயலில் களையை எடுப்பது யார் என்ற பேச்சு மட்டும் வருவதில்லை. ரசாயனத்தை விட்டவுடன் வேலை குறைவதில்லை, கூடுகிறது. கூடுகிற வேலையில் பெரும்பங்கு குனிந்து செய்கிற வேலை. அதைச் செய்வது பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குக் கூலி என்ன, அந்தக் கூலி யார் கைக்குப் போகிறது, வங்கியில் அவர்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் தெரியாது. இந்தக் கேள்விகளை ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே கேட்டு, பதிலையும் செய்து காட்டியவர் இலா பட். குஜராத்தில் ‘இலாபென்’ என்பார்கள். பென் என்றால் நம்ம ஊர் அக்கா மாதிரி. அவர் செய்ததை ஒரு பழைய வங்கிக்காரன் கண்ணால் பார்த்து எழுதுகிறேன்.

இலா பட் 1933-ல் அகமதாபாத்தில் பிறந்தவர். சட்டம் படித்துவிட்டு 1955-ல் அந்த ஊரின் நெசவாலைத் தொழிலாளர் சங்கத்தில் சட்டப் பிரிவில் சேர்ந்தார். சாதாரணச் சங்கம் இல்லை அது. காந்தியும் அனசூயா சாராபாயும் 1920-ல் உருவாக்கியது. 1968-ல் அதன் பெண்கள் பிரிவுக்கு இலாபென் பொறுப்பேற்றார். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் மகளுக்கும் தையல், பின்னல், தட்டச்சு சொல்லித் தருவதுதான் அந்தப் பிரிவின் வேலை. அந்தச் சமயத்தில் ஊரில் ஆலைகள் மூட ஆரம்பித்தன. வேலை போன ஆண்கள் சங்க வாசலில் நின்றார்கள். வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எப்படி எரிகிறது என்று பார்க்கப் போனவருக்குக் கண்ணில் பட்டது, பெண்கள் காய் விற்றும் பழந்துணி விற்றும் மூட்டை தூக்கியும் குடும்பத்தை ஓட்டியதுதான்.

1971-ல் ஜவுளிச் சந்தையில் சுமை தூக்கும் பெண்கள் அவரிடம் வந்தார்கள். மொத்த வியாபாரியிடமிருந்து சில்லறைக் கடைக்குத் துணி மூட்டையைத் தலையில் கொண்டு போகிறவர்கள். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை நடை போனார்கள் என்பதற்கு எழுத்தில் எதுவும் கிடையாது. வியாபாரி சொல்வதுதான் கணக்கு. இலாபென் இதை ஒரு நாளிதழில் எழுதினார். வியாபாரிகள் பதிலுக்கு, ‘நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம்’ என்று அதே போல் பத்திரிகையில் சொன்னார்கள். இலாபென் அந்த மறுப்பை மறுக்கவில்லை. வியாபாரிகள் சொன்னதை அட்டைகளில் அச்சடித்துப் பெண்கள் கையில் கொடுத்துவிட்டார். மூட்டையை இறக்கியதும் அட்டையை நீட்டு, நீங்களே சொன்ன கூலியைக் கொடுங்கள் என்று கேள். இப்படி ஒரு வக்கீல் மூளை!

அதே வருடம் டிசம்பரில் ஒரு பூங்காவில் பழந்துணி வியாபாரம் செய்யும் பெண்கள் நூறு பேர் அளவில் கூடினார்கள். நமக்கென்று சங்கம் வேண்டும் என்ற பேச்சு அங்கே வந்தது. அதுதான் ‘சேவா’. சுயதொழில் செய்யும் பெண்கள் சங்கம் என்பதன் ஆங்கில எழுத்துகளின் சுருக்கம். சேவை என்ற பொருளும் கூடவே அமைந்துவிட்டது.

பதிவு செய்யப் போனால் தொழிலாளர் துறையில் ஒரு கேள்வி: முதலாளி யார்? முதலாளி இல்லாமல் தொழிற்சங்கம் எப்படி, யாரை எதிர்த்துப் போராடுவீர்கள்? கூடைக்காரிக்கு முதலாளி இல்லை. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கு முதலாளி இருக்கிறான், ஆனால் இல்லை என்பான். தொழிலாளர்கள் ஒன்றுசேரத்தான் சங்கம், யாரையோ எதிர்ப்பதற்காக மட்டும் இல்லை என்று இலாபென் வாதாடினார். 1972 ஏப்ரல் 12-ல் பதிவு கிடைத்தது. இந்தப் பெண்களை ‘அமைப்புசாரா’ என்று சொல்வது அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. இல்லாததைச் சொல்லி ஒருத்தருக்குப் பெயர் வைப்பதா என்பது அவர் கேள்வி. விவசாயக் கூலி, நடைவியாபாரி, வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் என்று அவரவர் தொழிலின் பெயரால்தான் அழைப்பார்.

சரி, வங்கிக்கு வருவோம்.

அகமதாபாத் மானெக் சௌக் சந்தையில் காய் விற்கும் பெண் விடியற்காலையில் 50 ரூபாய் கடன் வாங்குவாள். சரக்கு எடுப்பாள். விற்பாள். சாயங்காலம் 55 ரூபாயாகத் திருப்பித் தருவாள். மறுநாள் விடிந்தால் மறுபடி 50. பார்ப்பதற்கு அஞ்சு ரூபாய்தானே என்று இருக்கும். வருடத்தில் 300 நாள் வியாபாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ரூபாய் முதலுக்கு 1,500 ரூபாய் வட்டி. விழுக்காட்டில் சொன்னால் 3,000. நம் மாநிலத்தில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-ல் வந்தபோது நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வரிசையாகப் பெயர் சொல்லித் தடை செய்தார்கள். அத்தனை பெயர் இருந்தது என்றால் அத்தனை வகையில் பிடுங்கியிருக்கிறார்கள். அந்த 50 ரூபாய் அவளுடைய சொந்தக் காசாக இருந்தால், நாள் ஒன்றுக்கு 5 ரூபாய் அவள் மடியிலேயே தங்கும். அவள் வேலையில் ஒரு குறையும் இல்லை. வேலை கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். முதல் அவளுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1969-ல் 14 வங்கிகள் தேசியமயமாயின. ஏழைக்கும் கடன் கொடுங்கள் என்று அரசு சொன்னது. சேவா தன் உறுப்பினர்களை அந்த வங்கிகளுக்குக் கூட்டிப்போனது. கடன் கிடைத்தது. தொல்லையும் கூடவே கிடைத்தது. வங்கி நேரம் அவர்கள் வியாபார நேரம். இடுப்பில் குழந்தையும் வியர்வை நாற்றமுமாக வந்து நிற்பவர்களைக் கண்டு ஊழியர்கள் முகம் சுளித்தார்கள். பெயரில் குழப்பம் வேறு. ஒரு இடத்தில் அப்பா பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள், இன்னொரு இடத்தில் புருஷன் பெயர். தவணையைக் கட்ட ஒரு நாள் வந்தால் இன்று இல்லை, நாளை வா. கடன் வாங்கிய பணத்தை வைக்க வீட்டில் பத்திரமான இடமும் இல்லை. புருஷன் கையில் சிக்கினால் போச்சு.

கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். படித்த ஆள் ஒரு படிவத்தைத் தப்பாக நிரப்பினால் நாங்கள் வேறு படிவம் கொடுப்போம். கைநாட்டு வைக்கிறவர் தப்புச் செய்தால் ‘யாரையாவது கூட்டிட்டு வாம்மா’ என்போம். அந்த ‘யாரையாவது’ என்பது எப்போதும் ஒரு ஆண். கணக்கு அவள் பெயரில் இருந்தாலும் சாவி அந்த ஆளிடம் போய்விடும். இது எந்த ஒரு கிளையின் தவறும் இல்லை. வங்கி என்பதே கையெழுத்தை நம்பிக் கட்டிய வீடு.

இந்தக் கஷ்டங்களைப் பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில், பழந்துணி வியாபாரம் செய்யும் ஒரு பெண் எழுந்து, நாமே ஒரு வங்கி வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். நம்மிடம் ஏது பணம் என்றதற்கு, ஏழைகள்தான், ஆனால் எத்தனை பேர் இருக்கிறோம் என்றாராம். 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். கூட்டுறவுப் பதிவாளருக்குத் தயக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வங்கியின் இயக்குநர்களா? பதிவு ஆவணத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர்களுக்குக் கையெழுத்துத் தெரியாது. பதினைந்து பெண்கள் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து, விடிய விடியத் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். மறுநாள் போட்டார்கள். 1974 மே மாதம் வங்கி பதிவாயிற்று.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அடுத்த விஷயம். வாடிக்கையாளர் பெரும்பாலும் கையெழுத்துத் தெரியாதவர். கூட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர். யார் கணக்கு யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொருத்தரையும் ஒரு சிலேட்டுப் பலகையில் அவர் கணக்கு எண்ணை எழுதிக் கையில் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் பாஸ்புத்தகத்திலும் வங்கிப் பதிவிலும். எண் மறந்தாலும் முகம் மறக்காது. ஊழியர் போட்டோவைப் பார்த்தால் ஆளும் தெரிகிறது, எண்ணும் தெரிகிறது. கூட்டிக்கொண்டு வர ஒரு ஆண் தேவையில்லை. பெரிய கணினி எதுவும் இல்லாத 1974-ல், ஒரு பலப்பத்துச் செலவில் முடிந்த வேலை இது.

கடன் எதற்குக் கொடுத்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கந்துவட்டிக்காரனிடமிருந்து மீள. வாடகைத் தள்ளுவண்டியை விட்டுச் சொந்த வண்டி வாங்க. வாடகைத் தையல் மெஷினுக்குப் பதில் சொந்த மெஷின். அடகில் கிடக்கும் வெள்ளியை மீட்க. வீட்டுக் கூரை மாற்ற. எங்கள் வங்கியில் இந்தக் கூரையைப் ‘பயன்பாட்டுச் செலவு’ என்று எழுதித் தள்ளியிருப்போம். பீடி சுற்றுகிறவளுக்கு வீடுதான் தொழிற்கூடம். கூரை ஒழுகினால் இலை நமத்துப்போகும், அன்றைக்குக் கூலி இல்லை. அப்படிப் பார்த்தால் அது முழுக்கத் தொழில் கடன். இதைக் கண்டுபிடிக்கப் பொருளாதாரப் பட்டம் வேண்டாம், கடன் கொடுக்கிற குழுவில் ஒரு பீடித் தொழிலாளி இருந்தால் போதும். அவர்கள் வங்கியில் இருந்தார்கள்.

நம் ஊர் மகளிர் குழுக்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1992-ல் நபார்டு குழுக்களை வங்கியோடு இணைக்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே 1989-ல் தருமபுரியில் குழு வேலை தொடங்கியிருந்தது. நல்ல வேலைதான், நானே எத்தனையோ குழுக்களுக்குக் கடன் ஒப்புதல் போட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெண்கள் வங்கிக்கு வாடிக்கையாளர்கள். சேவா வங்கியில் காய்க்காரியும் பீடிக்காரியும் பங்குதாரர்கள், இயக்குநர் குழுவில் உட்கார்ந்தவர்கள். விதை வாங்கப் போகிறவனுக்கும் விதை வைத்திருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

திருப்பிக் கட்டுவதில் 100-க்கு 90-க்கு மேல் ஒழுங்காக வந்தது. வராதவர்கள் விஷயத்தில் என்ன செய்தார்கள்? வராக்கடன் என்றால் நாங்கள் நோட்டீஸ் அனுப்புவோம். சேவாவில் வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்தார்கள். போய்ப் பார்த்தால் உடம்பு முடியாமல் கிடந்தவர்கள், பிரசவத்தில் இறந்தே போனவர்கள். சம்பாதிக்கிற உடம்புதான் அடமானம் என்பது அப்போது புரிந்திருக்கிறது. அதன் பிறகு பேறுகால உதவி, மருத்துவ வேலை, காப்பீடு, குழந்தைகள் காப்பகம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வராக்கடன் பட்டியலைப் படித்துவிட்டுக் காப்பகம் திறந்த இடத்தை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

கிராமத்துக்குப் போனபோது சேவாவுக்கு முதல் அடி விழுந்தது. நகரத்தில் செய்த மாதிரியே விவசாயக் கூலிப் பெண்களைச் சேர்த்து, குறைந்தபட்சக் கூலி கேட்கச் சொன்னார்கள். நிலக்காரர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டார்கள். கேட்டவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிற ஊரில் கூலி உயர்வு கேட்க முடியாது, வேறு வருமானம் ஒன்று கையில் இருந்தால்தான் ‘அந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல முடியும். இந்தப் பாடத்துக்குப் பிறகு கிராமத்தில் சங்கத்தோடு கூட்டுறவும் சேர்ந்தே போனது. பனாஸ்காண்டா மாதிரி வறண்ட மாவட்டங்களில் எம்பிராய்டரி. கைபம்பு பழுது பார்க்கப் பெண்களுக்குப் பயிற்சி. மேசானா மாவட்டம் கணேஷ்புராவில் ஊர்த் தரிசில் மரம் வளர்க்கும் பெண்கள் கூட்டுறவு. பிற்காலத்தில் ‘ரூடி’ என்ற பெயரில், சிறு விவசாயிகளிடம் தானியமும் மசாலாப் பொருளும் வாங்கி, கிராமத்திலேயே சுத்தம் செய்து, பொட்டலம் போட்டு, கிராமத்துப் பெண்கள் வழியாகவே விற்பது.

பால் விஷயம் நமக்கு ரொம்ப நெருக்கம். பால் கூட்டுறவுக்கு உலகமே உதாரணம் காட்டுகிற மாநிலம் குஜராத். மாட்டுக்குத் தண்ணி காட்டி, புல் அறுத்து, சாணி அள்ளி, பால் கறப்பது பெண். சங்கத்தில் உறுப்பினர் ஆண். பணம் அவர் கைக்கு. சேவா பெண்களை மட்டும் உறுப்பினராகக் கொண்ட பால் சங்கங்களை உருவாக்கியது. சாணி அள்ளியவள் கையிலேயே பால் பணம். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பால் அட்டையை எடுத்துப் பார்க்கலாம், யார் பெயர் இருக்கிறது என்று.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1981-ல் மருத்துவக் கல்லூரி இடஒதுக்கீட்டை எதிர்த்து அகமதாபாத்தில் கலவரம் நடந்தது. தாக்கப்பட்டவர்கள் தலித் மக்கள். சேவா உறுப்பினர்களில் அவர்கள் நிறையப் பேர். தாய்ச் சங்கம் வாய் திறக்கவில்லை, இலாபென் திறந்தார். விளைவு, இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை செய்த சங்கத்திலிருந்து அவரும் சேவாவும் வெளியேற்றப்பட்டார்கள். அதோடு முடிந்தது என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். சேவா அதற்குப் பிறகுதான் வேகமாக வளர்ந்தது. இன்று உறுப்பினர்கள் 20 லட்சத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள்.

மகசேசே, பத்மபூஷண், மாநிலங்களவை உறுப்பினர் பதவி என்று அவருக்கு வந்ததெல்லாம் பெரிய பட்டியல், விட்டுவிடுகிறேன். இரண்டை மட்டும் சொல்ல வேண்டும். மானெக் சௌக் காய்க்காரிகள் இரண்டு கூடை வைக்க இடம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அந்தப் போராட்டத்தின் நீட்சியில்தான் 2014-ல் நாடு முழுவதற்கும் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. 1996-ல் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களும் தொழிலாளர்களே என்று உலகத் தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை கொண்டுவந்தது, எண் 177. அதற்குப் பின்னாலும் சேவாவின் கை உண்டு. இந்தியா அதை இன்னும் ஏற்று ஒப்பமிடவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசிக் காலத்தில் இலாபென் எழுதியது ‘அனுபந்த்’ என்ற நூல். உணவு, உடை, வீடு, ஆரம்பக் கல்வி, ஆரம்ப மருத்துவம், வங்கி, இந்த ஆறும் 100 மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. 100 மைல் என்றால் 160 கிலோமீட்டர். உள்ளூர் விதை, உள்ளூர் சந்தை என்று நாம் பேசுகிறதையே அவர் காய்க்காரிகளின் பக்கமிருந்து வந்து சொன்னார். ஆனால் நம் பட்டியலில் வங்கி இருக்காது. அவர் பட்டியலில் அது சோற்றோடு சேர்ந்து இருக்கிறது. 2022 நவம்பரில் காலமானார்.

இனி நம் வயலுக்கு வருகிறேன்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சாகுபடி செய்யும் பண்ணைகளில் பெண் பெயரில் இருப்பவை 100-க்கு 14 அளவில்தான். வயலில் நிற்கிறவர்களை எண்ணினால் கதை வேறு. பட்டா இல்லையென்றால் சிட்டா இல்லை, அடங்கலில் பெயர் இல்லை, பயிர்க்கடன் இல்லை, உதவித்தொகை இல்லை. கடன் மேசையில் நான் வாரம் தவறாமல் பார்த்தது இது: விவசாய நகைக்கடனுக்குக் கணவனும் மனைவியும் வருவார்கள். கழுத்திலிருந்து கழற்றித் தருவது அந்த அம்மா. நிலம் ஐயா பெயரில், அதனால் கடன் ஐயா பெயரில். நகைப் பையின் மேல் எழுதும் பெயரும் ஐயா பெயர்தான். மீட்க அவர் வந்தால்தான் உண்டு. அவளுடைய ஒரே சொத்து, காகிதத்தில் அவளுடையது இல்லாமல் போகிற இடம் அந்த மேசை.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொடுத்தது, நாடு முழுக்க 2005-ல் வந்தது. குடும்பத்துக்குள் தான செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. மொத்த நிலத்தையும் எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. அரை ஏக்கர் மனைவி பெயருக்கு வந்தால் அவர் பெயரில் தனிப் பட்டா, அடங்கல். அதை வைத்து அவரே வங்கிக்கு வந்து நிற்கலாம். என் மனைவி பெயரில் ஒரு ஏக்கர் இருக்கிறது. அந்த ஏக்கரில் என்ன போடுவது என்பதில் எங்களுக்குள் வருகிற சண்டை தனிக் கட்டுரை. பெரும்பாலும் அவர்தான் ஜெயிக்கிறார், உளுந்தும் அங்கேதான் நன்றாக வருகிறது.

கூலி விஷயம் இன்னும் கூச்சமானது. எங்கள் பக்கம் பெண்ணாளுக்குக் கொடுப்பது ஆணாளுக்குக் கொடுப்பதில் பாதியை ஒட்டித்தான். சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. கேட்டால் ‘வேலை வேற சார்’ என்பார்கள். வேலை வேறாக இருப்பதும் உண்மைதான். கையால் களை பறிக்கும்வரை அது பெண் வேலை, குறைந்த கூலி. கோனோவீடர் வந்ததும் அது ஆண் வேலை, கூடுதல் கூலி. களை அதே களை. கருவியைப் பெண் கையில் கொடுத்து அந்தக் கூலியையும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? எடை குறைந்த ஒற்றை வரிசை வீடரை எங்கள் தோட்டத்துக்கு வரும் நான்கு பேரும் நன்றாகவே தள்ளுகிறார்கள். அவர்களுக்கு ஆண் கூலிதான் தருகிறேன். அக்கம்பக்கத்தில் ‘பென்ஷன் வருது, குடுக்கிறார்’ என்று பேச்சு. நெல்லை ரசாயன நெல்லை விடக் கூட விலைக்கு விற்கிற எல்லாரும் அதில் ஒரு பங்கு இந்தக் குனிந்த முதுகுகளுக்குப் போகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். என் கணக்கில் ஏக்கருக்குக் கூடுதலாகும் களைக்கூலி, கூட விலையில் வருவதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

கூலியைக் கணக்கில் போடட்டுமா என்று அந்த நால்வரில் மூத்தவரிடம் கேட்டேன். வங்கிக்காரன் புத்தி.

“வேண்டாம் சார், கையிலயே குடுங்க.”

“உங்க பேர்லதானே கணக்கு இருக்கு?”

“பேரு எம்பேருதான். கார்டு மவன்கிட்ட இருக்கு. நம்பரும் அவனுக்குத்தான் தெரியும்.”

1974-ல் அகமதாபாத்தில் பெண்கள் சொன்னதும் இதுதான். கணக்குத் திறப்பது பாதி வேலை. எண்ணை அவரே அழுத்தும்வரை மீதிப் பாதி கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நான்கு பேரையும் ஏடிஎம்முக்குக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட முயன்றோம். கூட வந்தது நான் இல்லை, என் மனைவி. ரகசிய எண் போடும் இடத்தில் நான் நிற்பது முறையில்லை. இரண்டு பேருக்கு ஒரே நாளில் வந்துவிட்டது. ஒருவருக்கு நாலாவது தடவையில். மூத்தவர் அட்டையை இன்னும் மகனிடமிருந்து வாங்கவில்லை. தபால் நிலையத்தில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து, அதில் வாரம் 200 ரூபாய் போடுகிறார். அந்தப் புத்தகம் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவர் வீட்டுக்கு அது தெரியாது. இது சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள், அவர் கேட்டார், வைத்திருக்கிறோம்.

எங்கள் வட்டத்தில் பங்கேற்பு முறைச் சான்றிதழுக்கு ஒரு குழு வைத்திருக்கிறோம். பதிவேட்டில் பதினோரு பெயர், பதினொன்றும் ஆண்கள். மண்புழு உரத் தொட்டிக்குச் சாணி சுமப்பதும், விதைக்குச் சாம்பல் கலந்து பானையில் கட்டி வைப்பதும், பஞ்சகவ்யத்தைக் காலையும் மாலையும் கலக்கிவிடுவதும் பல வீடுகளில் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆய்வுக்கு வந்தால் ‘உழவர் பெயர்’ என்ற கட்டத்தில் அந்தப் பெயர் இல்லை. தை மாதக் கூட்டத்தில் அந்தக் கட்டத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் செயலாளர் நல்ல மனிதர், ஆனால் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பக்கத்துல இடமே இல்லையே சார்” என்றார். புது நோட்டு 60 ரூபாய், நானே வாங்கி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.